பட்டினித் தாயின் ஏப்பம்

கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று மனவுறுதி காட்டிய மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. கண்ணாடியில் நிச்சயமாகப் பார்த்ததில்லை.

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு வருஷம் நாடகம் போட்டோம். எழுதியவர் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். பஞ்சத்தில் அடிபட்ட தாய் ஒருத்தி கடைசிப் பிடிச் சோற்றையும் மகனுக்கு ஊட்டிவிட்டு உயிரை விடுவாள். அந்தத் தாய் நான்தான். (பெண்கள் மேடையேறாத காலம். விலா எலும்பை எண்ணக்கூடிய இளவட்டம் தோட்டத்தில் நான் ஒருவன்தான்.) ஒத்திகையில் நான் செத்தபோது கொழுந்து பறிக்கும் பெண்கள் முந்தானையில் மூக்கைச் சிந்தினார்கள். அதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

திருவிழா அன்று மத்தியானம் வாத்தியார் கூப்பிட்டார். "முத்து, நாடகம் முடியிற வரைக்கும் ஒண்ணும் திங்காத. மொகம் வாடியிருக்கணும்."

"சரிங்க சார்."

சும்மா கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வரப் போனேன். கை விறைக்கிற பனி. குளிர் காயத்தான் முதல் கடையருகே நின்றேன். உளுந்து வடை வெந்துகொண்டிருந்தது. கை மாற்றிக் கை மாற்றி ஊதிக் கடித்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. அடுத்த கடையில் சுசியம். உள்ளிருந்த பயறும் வெல்லமும் நாக்கைச் சுட்டன. சூடு தணிய ஆறின அதிரசம் இரண்டு. பிறகு, உள்ளே பாகு நிறைந்த எங்கள் ஊர்த் தேன்குழல். கடித்த இடத்தில் பாகு பீறிட்டு முழங்கை வரை வழிந்தது, அதையும் விடவில்லை. கடைசியில் ஒரு சிங்கள அம்மா, பூ அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் கொக்கிஸ் பொரித்துக்கொண்டிருந்தார். "மல்லி, இன்னும் ஒண்ணு சாப்புடுங்க" என்றார். தம்பி என்று கூப்பிட்ட பிறகு எப்படி மறுப்பது? உலகத்தில் யார் மீதும் எனக்குக் கோபமே இல்லாத மாலை அது.

அண்ணியின் கிழிந்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். வாத்தியார் உற்றுப் பார்த்தார். "என்னாடா, மொகம் மினுமினுன்னு இருக்கு?"

"வேர்வைங்க சார்." (அந்தக் குளிரில்.)

திரை விலகியது. மகனாக நடித்த சினேகிதன் செல்லையா என் மடியில் படுத்திருந்தான். "மகனே, மூன்று நாளாய் இந்த வயிற்றில் ஒரு பருக்கை விழவில்லையே" என்று வயிற்றில் ஓங்கி அடித்துக்கொண்டேன். அடித்திருக்கக் கூடாது.

ஏப்பம் வந்தது. நீளமாக, நிதானமாக வந்தது.

முன்வரிசையில் ஒரு அக்கா மட்டும் எனக்காக வாதாடினாள். "வெறும் வயித்துக் காத்துடி. பாவம், பசி."

இரண்டாவது ஏப்பம் வந்தது.

"இல்லடி," என்றாள் அதே அக்கா. "வெல்ல வாசம் அடிக்குது."

செல்லையா என் மடியிலேயே குலுங்கத் தொடங்கினான். லயத்து வீடுகளிலிருந்து வந்த கூட்டமே சிரித்தது. நானும் சாக முயன்றேன். கண்ணை மூடும்போதெல்லாம் சிரிப்பு இன்னும் கூடியது. எங்களை வேலை வாங்கும் கங்காணி தன் நாற்காலியில் இருந்தபடியே, "செத்தது போதும், எந்திரிச்சு நடடா, செமிக்கட்டும்" என்றார். வாத்தியாரே வந்து திரையை இழுத்து மூடினார்.

மறு வருஷம் அவர் சிரிப்பு நாடகம் எழுதினார். பெருந்தீனிக்காரன் வேஷத்தை எனக்குத் தந்தார். ஒத்திகை தேவைப்படவில்லை.

எனக்குப் பெண் கொடுத்தது பூண்டுலோயாவில். இந்தக் கதை எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. இன்றைக்கும் வேலை முடிந்து வந்து, "பசிக்குது" என்று சொன்னால், என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்பாள்:

"எத்தன நாளாங்க?"