டிராகன் ராஜாவின் கை

பெங்ஹூ தீவில் அன்று ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. கடலே கோயிலுக்கு வந்துவிட்டதே! கண்ணாடித் தொட்டிக்குள் ஊதா நிறத்தில், விரல் விரலாக ஒரு மென்பவளம். "கடலை ஆளுற டிராகன் ராஜாவோட கை!" என்றான் சாமியாடி சுவா. ஊர் விழுந்து கும்பிட்டது.

பாவி தொட்டால் பவளத்தின் விரல் சுருங்குமாம். சுருங்கினால் பரிகாரக் காணிக்கை. அதன் பிறகே நோய் தீர்க்கும் தொட்டித் தண்ணீர். இதுவரை சுருங்காதது ஒரே ஒரு புண்ணியவானுக்கு. வேறு யார்? சுவாவுக்குத்தான்!

பெரியவர் லிம் கெங்-ஹாய் மகனைத் தாங்கிக்கொண்டு வந்தார். மீன்முள் குத்தி, மகனின் கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. காய்ச்சல் வேறு.

"மாமா, கார் நிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். விட்டா காலையே எடுத்துடுவாங்க" என்று கெஞ்சினாள் மருமகள் சியூ-லேன்.

"பவளத்துல மருந்து இருக்குன்னு படிச்சவங்களே சொல்றாங்களேம்மா!"

"அது பவளத்தோட உடம்புல இருக்கு. நம்ம படகுல வந்து பவளம் எடுத்துட்டுப் போற ஆராய்ச்சிக்காரங்க, அந்த மருந்தைப் பிரிச்சுச் சோதிக்கவே வருஷக்கணக்கா பாடுபடுறாங்க. இது தொட்டி கழுவின தண்ணி!"

பெரியவர் கேட்கவில்லை. தொட்டார். விரல் சுருங்கியது.

"உன் தாத்தன் திருடன்! அந்தப் பாவம்தான்!" என்று கூவினான் சுவா.

"திருட்டா? எங்க வீட்டுலயா?" பெரியவரின் முதுகு நிமிர்ந்தது. மகனின் கால் செய்யாததைக் குடும்பப் பெயர் செய்தது!

சாமியிடம் குறி கேட்க வீசும் பிறைக்கட்டைகள் இரண்டையும் எடுத்தார். "ராஜா, இதைச் சோதிக்கலாமா?" வீசினார். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. சம்மதம்!

"கட்டை தப்பா விழுந்திருக்கு!" என்று பதறினான் சுவா.

"ராஜா பேச்சுக்கு நீ என்னடா மறுபேச்சு?"

உணவுக் குச்சியால் இன்னொரு விரலைத் தொட்டார். சுருங்கியது. படையலில் இருந்த வெந்த கோழியின் காலால் தொட்டார். அதற்கும் சுருங்கியது.

"கோழியோட தாத்தனும் திருடனா சாமி?" என்று ஒரு குரல். கோயில் குலுங்கிச் சிரித்தது.

"இது உயிருள்ள பிராணி. யார் தொட்டாலும் ஒடுங்கும்" என்றாள் சியூ-லேன். "இவன் மட்டும் அடித்தண்டைத் தொடுறான். அங்க ஒடுங்குறதுக்கு ஒண்ணும் இல்லை."

பெரியவர் சுவாவின் மணிக்கட்டைப் பிடித்து, அவன் கையைப் பவள விரலின் நுனியில் வைத்தார். பவளம் படக்கென்று ஒடுங்கியது. புண்ணியவானின் முகமும்தான்!

கார் பறந்தது. கால் பிழைத்தது. இன்னும் தாமதித்திருந்தால் வெட்டியிருப்போம் என்று மருத்துவர் கடிந்துகொண்டார்.

பவளத்துக்கு மூளையே கிடையாது. ஆனாலும் ஒரு கை தன்மேல் நீண்டதும் தன்னைக் காத்துக்கொள்ள அதற்குத் தெரிகிறது. மூளையுள்ள மனிதா, உனக்கு?