ஆளுக்கொரு அறை

அரிசி டப்பாவின் மேல் 'அரிசி' என்று எழுதி ஒட்டுகிறவர்களோடு நமக்கு ஒரு சண்டையும் இல்லை. தகர டப்பா. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. ஒட்டிவிட்டுப் போகட்டும். ஆனால் ஊறுகாய் பளிச்சென்று தெரிகிற கண்ணாடி பாட்டிலின் மேலும் 'ஊறுகாய்' என்று ஒட்டி, அதற்குக் கீழே 'எலுமிச்சை' என்று ஒட்டி, மூடியின் மேல் 'மூடி' என்று ஒட்டலாமா என்று ஒரு நிமிடம் யோசிக்கிற ஜீவன் ஒன்று உண்டு. அதைத்தான் இப்போது பார்க்கப்போகிறோம். இந்த இனத்துக்கு 'அறை போடுகிறவர்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். பெயர் வைத்தால் அவருக்கும் சந்தோஷமாக இருக்கும்.

நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். பஸ் டிக்கெட்டைச் சட்டைப்பையில் போடாமல், பர்ஸைத் திறந்து, பர்ஸுக்குள் டிக்கெட்டுக்கென்றே ஒதுக்கிய அறையைத் தேடி, அது நிறைந்திருந்தால் பழைய டிக்கெட்டுகளைப் பழைய டிக்கெட்டுகளுக்கான அறைக்கு மாற்றி, அதற்குள் இறங்கவேண்டிய ஊரைத் தாண்டிவிடுவார். 'மனசு சரியில்லை' என்று நீங்கள் போய் நின்றால் ஆறுதல் சொல்லமாட்டார். 'வீட்டுப் பிரச்சினையா, வெளிப் பிரச்சினையா?' என்று கேட்பார். அறை தெரியாமல் உங்கள் துக்கத்தை எங்கே வைப்பது?

இப்படிப்பட்ட ஒருவர் கையில் கம்ப்யூட்டர் கிடைத்தால் என்ன ஆகும்? அதற்கு வேப்பம்புதூர் கருத்தக்கண்ணனைத்தான் கேட்கவேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில், முல்லையாற்று வாய்க்கால் கடைசியாக எட்டிப் பார்க்கிற ஊர்களில் ஒன்று வேப்பம்புதூர். கருத்தக்கண்ணன் தேனிக்குப் போய் கம்ப்யூட்டர் படித்து வந்து, சின்னமனூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாடியில் ஒரு சென்டர் வைத்திருந்தான். வெளியே பலகையில் 'கே. கண்ணன்' என்று இருக்கும். முழுப்பெயருக்குப் பலகையில் இடம் போதவில்லை என்பான். இடம் நிறையவே இருந்தது. இது நடந்தது 2005இல். பயோடேட்டா அடித்துக் கொடுப்பதும், பரீட்சை ரிசல்ட் பார்த்துச் சொல்வதும்தான் தொழில். ஆனால் அவன் உயிர் வேறொன்றில் இருந்தது. 'எதையும் ஒரு ஸ்ட்ரக்சருக்குள்ள கொண்டாந்துரணும்ணே. கொண்டாந்துட்டா அப்புறம் எல்லாம் டைனமிக்கா வரும்' என்பான். பயோடேட்டா அடிக்க வந்தவர் தலையை ஆட்டிவிட்டுக் காசு கொடுத்துவிட்டுப் போவார்.

உயிரின் இன்னொரு பாதி தேவயானியிடம் இருந்தது. பாசன சங்கத் தலைவர் சின்னக்கருப்புவின் மகள், பி.எட். முடித்தவள், கண்ணனுக்கு முறைப்பெண். அவளுக்கும் சம்மதம்தான். சின்னக்கருப்புதான் பிடி கொடுக்கவில்லை. கடைசியில் ஒருநாள் மனம் இறங்கிச் சொன்னார்.

"ஏலே மாப்ளே, ஒவ்வொரு வருசமும் முறைத்தண்ணி விடுறப்ப எனக்கு முந்தி ஒனக்கு முந்தின்னு மண்டைய ஒடைக்கிறாய்ங்க. ஒன் கம்ப்யூட்டர்ல போட்டு, யாருக்கு எந்த மடையில எப்பத் தண்ணின்னு சண்டையில்லாமச் சீட்டு அடிச்சுக் குடு. மந்தையில வச்சு அந்தச் சீட்ட வாசிக்கிற அன்னைக்கே ஒங்க ரெண்டு பேர் விசயத்தையும் சபையில சொல்லிப்புடுறேன்."

ஒரு சாதாரண மனிதன் இதை எப்படிச் செய்வான்? ஊரில் வயல் வைத்திருப்பவர்களை வரிசையாக எழுதி, ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு, மாலைக்குள் வேலையை முடித்துவிட்டுப் பெண் வீட்டில் காபி குடிக்கப் போய்விடுவான். கண்ணன் அறை போடுகிறவன். நம்பர் என்ற வார்த்தையே அவனுக்குக் கசந்தது. அவன் எழுதிய புரோகிராமில் ஒரு பெரிய பெட்டி. வேப்பம்புதூர் என்று அதற்குப் பெயர். லூப் என்கிற சக்கரம் ஆள் ஆளாகப் படித்துக்கொண்டே சுற்றும். ஒவ்வொரு ஆளையும் படித்ததும் அந்த ஆளின் பெயரிலேயே பெட்டிக்குள் ஓர் அறை தானாக முளைக்கும். அந்த அறைக்குள் அவர் மடை, அவர் வயல், அவர் கிழமை, அவர் நேரம் எல்லாம் போய் உட்கார்ந்துகொள்ளும். யாரும் முன்கூட்டி அறை கட்டவேண்டியதில்லை. ஆள் வந்தால் அறை வரும். இதை நினைத்து நினைத்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சக்கரத்தைச் சுற்றவிட்டான். ஊரில் பாதிப் பேரைக் காணவில்லை.

காரணம், வேப்பம்புதூரின் குலதெய்வங்கள். ஊரில் பாதிக் குடும்பங்களுக்குப் பேச்சியம்மன், மீதிக்குக் கருப்பசாமி. தலைப்பிள்ளைக்குச் சாமி பெயரை வைக்காவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளும். ஆகவே தெருவுக்குத் தெரு பேச்சிமுத்து, வரப்புக்கு வரப்பு சின்னக்கருப்பு. கண்ணனின் பெட்டிக்குள் முதல் பேச்சிமுத்து அறை எடுத்துக் காலை நீட்டியதும், அடுத்த பேச்சிமுத்து அதே அறைக்குள் நுழைந்து அவரை வெளியே தள்ளினார். அவரை அதற்கடுத்த பேச்சிமுத்து தள்ளினார். கடைசியில் வந்த பேச்சிமுத்து மட்டும் ஊர்த் தண்ணீர் முழுவதையும் தன் வயலுக்குப் பாய்ச்சிக்கொண்டு நிம்மதியாக இருந்தார். இனிஷியல் சேர்த்துப் பார்த்தான். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற ஊரில் இனிஷியலும் அதே வட்டத்துக்குள்தான் சுற்றியது.

"சர்வே நம்பர் இருக்குல்ல? அதப் போட்டா முடிஞ்சு போச்சு," என்றாள் தேவயானி.

"மனுசனுக்கு நம்பர் குடுக்க இது என்ன ஜெயிலா? பேரச் சொல்லிக் கூப்புட்டா அறை தொறக்கணும். அதுதான் டைனமிக்கு."

அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

அவன் நேராக சோணையம்மாள் டீக்கடைக்குப் போனான். இத்தனை பேச்சிமுத்துகளை ஊர்க்காரர்கள் எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள் என்று யோசித்தபோது அவனுக்கு விடை பளிச்சென்று தெரிந்திருந்தது. பட்டப்பெயர். சோணையம்மாள் ஆற்றுகிற டீயைக் கீழே வைக்காமல் சொல்லிக்கொண்டே போனார். பட்டப்பகலில் களத்துமேட்டில் கொசுவலை கட்டித் தூங்குகிறவர் கொசுவலை. கல்யாண வீட்டில் முதல் பந்தியிலும் கடைசிப் பந்தியிலும் தென்படுகிறவர் ரெண்டாம்பந்தி. எதைக் கேட்டாலும் 'அடுத்த வாரம் பாப்போம்' என்கிறவர் வாய்தா. கண்ணன் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டான்.

"வடக்கு மடை சின்னக்கருப்பு, அக்கா?"

சோணையம்மாள் கை நின்றது. "ஒங்க மாமனா? வேணாம்ப்பா. அது அவுகளுக்கே தெரியாது."

"சும்மா சொல்லுங்கக்கா. கம்ப்யூட்டருக்கு உள்ளதான இருக்கப்போகுது."

சோணையம்மாள் நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார். தினமும் விடிந்ததும் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து, ஒரு டீகூடக் குடிக்காமல் தினசரியின் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டுப் போகிற சின்னக்கருப்புவை ஊர் 'ஓசிப்பேப்பர்' என்றுதான் சொல்லும்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். வேப்பம்புதூரில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. தனக்கு மட்டும் பட்டப்பெயர் இல்லை என்று நம்பாத ஆளும் கிடையாது. முதுகுக்குப் பின்னால் ஊரே சொல்லும். முகத்துக்கு முன்னால் கைக்குழந்தைகூடச் சொல்லாது. அந்த ஊரில் அரிவாள் எடுக்காமல் இத்தனை காலம் ஓடியதற்கு இந்த ஒரு மரியாதைதான் காரணம்.

மாமனாரின் அறைக்குப் பெயர் அடிக்கும்போது கண்ணனின் விரலும் ஒருமுறை தயங்கியது. அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரே பெயர்க்காரர்கள் எல்லோருக்கும் பட்டப்பெயரில் அறை போட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் போடாமல் விட்டால் ஸ்ட்ரக்சர் என்ன ஆவது? அடித்தான். பிறகு திரையில் அறைகள் எல்லாம் வரிசையாக நிற்கிற அழகைப் பார்த்துக் கண் கலங்கினான். காகிதத்தில் ஒரு சீட்டாவது அடித்துப் பார்த்தானா? இல்லை. பிரிண்டர் ரிப்பன் தேய்ந்துவிடுமாம்.

சீட்டு வாசிக்கிற நாள் வந்தது. மந்தைத் திடலில் ஊர் கூடியிருந்தது. ஆட்டோவில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வந்து மேசையில் ஏறின. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் சின்னக்கருப்பு மைக்கைப் பிடித்தார். பெண்கள் பக்கத்தில் தேவயானி புதுச்சேலை கட்டி நின்றாள். கண்ணன் பொத்தானைத் தட்டினான். பிரிண்டர் கிரீச்சிட்டு முதல் சீட்டைத் துப்பியது.

கம்ப்யூட்டரில் அறைப்பெயரை இங்கிலீஷ் எழுத்தில், நடுவே இடம் விடாமல், ஒரு கோடு போட்டுத்தான் எழுதமுடியும். அறையின் பெயரே தலைப்பாகத் தானாக வந்து விழும்படி கண்ணன் எழுதியிருந்தான். அதுதானே டைனமிக்கு? சின்னக்கருப்பு மூக்குக்கண்ணாடியை ஏற்றி எழுத்துக்கூட்டினார்.

"கொ... சு... வ... லை. அங்கிட்டு ஒரு கோடு. பேச்சிமுத்து. கொசுவலை பேச்சிமுத்து! மேற்கு மடை, வியாழக்கெழமை காலைத் தண்ணி!"

கூட்டம் சிரிப்பில் வெடித்தது. கொசுவலைக்காரர் மட்டும் சுற்றும்முற்றும் பார்த்து, எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்து, மெல்லத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

கண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. வயரைப் பிடுங்கலாம். பிடுங்கியிருக்கவேண்டும். ஆனால் லூப் பாதிச் சுற்றில் இருக்கும்போது வயரைப் பிடுங்க அறை போடுகிறவருக்குக் கை வராது. அடுத்த சீட்டு வந்தது. ரெண்டாம்பந்தி. அதற்கடுத்து வாய்தா. சின்னக்கருப்பு வாசிக்க வாசிக்கக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "யார்றா இவிய்ங்களுக்குப் பேர் வச்சது! பொருத்தமாத்தான் வச்சிருக்காய்ங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த சீட்டை எடுத்தார்.

"ஓ... சி... ஓசிப்பேப்பர் சின்னக்கருப்பு!"

யாரும் சிரிக்கவில்லை.

"ஓசிப்பேப்பர் யாருப்பா? வந்து சீட்ட வாங்கிக்கிரு. ஏப்பா, ஓசிப்பேப்பர்! அங்கன நிக்கிறியா, இங்கன நிக்கிறியா, கையத் தூக்கு!"

ஊர் முழுவதும் தரையைப் பார்த்தது. ஒலிபெருக்கி நாலு தெருவுக்கும் அவர் குரலை எடுத்துப் போய் ஓசிப்பேப்பரைத் தேடியது. பதில் வராததால் சின்னக்கருப்பு மீதியையும் படித்தார். "வடக்கு மடை... புளியமரத்து வயலு..." அங்கே குரல் நின்றுவிட்டது. புளியமரத்து வயல் அவருடையது.

அவர் மைக்கை மேசையில் படுக்கவைத்தார். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கூட்டத்துக்கு நடுவே நடந்து மகளிடம் போய், ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஒனக்குத் தெரியுமாத்தா?"

தேவயானி குனிந்து புதுச்சேலையின் கொசுவத்தைச் சரிசெய்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். சபையில் சொல்லவேண்டிய விஷயம் சொல்லப்படவே இல்லை.

மறுநாள் கண்ணனின் சென்டர் மாடிப்படியில் கூட்டம். அடிக்க வந்தவர்கள் என்று பயந்தான். இல்லை. ஒவ்வொருவராக உள்ளே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தணித்து, "எனக்கு என்ன பேரு போட்டிருக்கப்பு?" என்று கேட்டார்கள். "ஒங்க பேர்ல வேற ஆளு இல்லண்ணே, அதனால பட்டப்பேரு தேவப்படல," என்றால் நம்பவில்லை. தனக்கு மட்டும் பெயர் இல்லையே என்று முகம் தொங்கிப்போய் இறங்கினார்கள். கண்ணன் ஒவ்வொருவருக்கும் திரையைத் திருப்பிக் காட்டினான். அந்தக் காலை அவனுக்கு உள்ளூர இனித்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சாயங்காலம் பெண் வீட்டுக்குப் போனான். சின்னக்கருப்பு உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலையில் டீக்கடைக்குப் போகவில்லை. முந்தின நாள் வரை அவர் மடித்து வைத்துப் போன பெஞ்சில் அன்று பேப்பர் மடிப்புக் கலையாமல் கிடந்ததாகச் சோணையம்மாளே சொல்லி வருத்தப்பட்டார். தேவயானி வாசலிலேயே நின்று பேசினாள்.

"அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு நானும் அம்மாவும் எத்தன வருசமா மறைச்சோம் தெரியுமா? ஊரே மறைச்சுச்சு. அவுக ராத்திரியெல்லாம் தூங்கல. 'இத்தன பேரும் என்னயப் பாத்து மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டுத்தான் கும்புட்டாகளா'ன்னு கேக்குறாக. நான் என்ன சொல்ல?"

அவள் கண்ணில் நீர் நின்றது. கண்ணனுக்கு அவளை இழந்துவிடப்போகிறோம் என்று தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான். சொல்லவேண்டிய வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது.

"தேவி, நான் யோசிச்சுட்டேன். அறைக்குள்ள இன்னொரு அறை வச்சு, பட்டப்பேர அதுக்குள்ள தள்ளிரலாம். பிரிண்ட்டுல வராது. ஒரே ஒரு வரிதான் மாத்தணும்."

தேவயானி கதவில் கை வைத்தாள்.

"உள்ள போயி, 'தப்புப் பண்ணிட்டேன் மாமா'ன்னு ஒரு வார்த்த சொல்லுவீகன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் கதவத் தொறந்தேன்."

"சொல்றேன். சொல்லத்தான் போறேன். மொதல்ல இதச் சரி பண்ணிட்டு..."

கதவு சாத்திக்கொண்டது. தை மாதம் தேவயானிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை போடி ஊர்க்காரர், எதை எங்கே வைத்தோம் என்று எப்போதும் தேடிக்கொண்டே இருக்கிறவர், கெட்டிக்காரர் என்று யாரும் சொல்வதில்லை, அவள் சந்தோஷமாக இருக்கிறாள். சின்னக்கருப்பு இப்போது வீட்டுக்கே பேப்பர் வரவழைக்கிறார், ஆனால் பிரித்துப் பார்ப்பதில்லை. கண்ணன் புரோகிராமைச் சரிசெய்துவிட்டான். இப்போது அது அப்பழுக்கில்லாமல் ஓடுகிறது. ஓட்டத்தான் யாரும் இல்லை.

சிரிக்கிறீர்கள். நாமெல்லாம் அப்படி இல்லை, கம்ப்யூட்டர்காரர்கள்தான் அப்படி என்று நினைக்கிறீர்கள். நல்லது. உங்கள் செல்போனில் உங்கள் மேலதிகாரியை என்ன பெயரில் வைத்திருக்கிறீர்கள்? கடன் கேட்கிற மைத்துனரை? மாமியாரை? 'எடுக்காதே 2' என்று ஒருவர் இருக்கிறாரே, அவர் தன்னை உங்கள் உயிர் நண்பர் என்றல்லவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்? சரி, அது உங்கள் பாடு. ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும். என்றைக்காவது ஒருநாள் உங்களுக்கு மிகவும் வேண்டியவர் ஒருவர், "என் போனை எங்கேயோ வச்சிட்டேன், உங்க நம்பர்லேர்ந்து ஒரு ரிங் விடுங்களேன்" என்று கேட்பார். தாராளமாக விடுங்கள். மெத்தைக்கு அடியிலிருந்து சத்தம் வந்தால் அவரையே எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் குனிந்து எடுத்துத் திரையில் உங்கள் பெயரைப் பார்த்துவிடாதீர்கள்.