எண்ணெய் மசாஜுக்கு எழுத்து ஒப்பந்தம்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய அதே வாரத்தில் தென்காசியிலிருந்து ஓர் ஆணையும் இறங்கியது. "எண்ணெய் மசாஜ் செய்வோர் எவரும் எழுத்துமூலமான ஒப்பந்தமின்றிப் பொதுமக்களின் முதுகைத் தொடலாகாது" என்றது ஆணை. கூடவே ஒன்பது பக்கப் படிவம். சோதனையில் தவறுபவருக்கு இந்த சீசனுக்கு லைசன்ஸ் கிடையாது.

உச்சிமாகாளி அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவர். சீசன் மூன்று மாதம்தான். அதில் தேய்த்தால்தான் மிச்ச மாதங்களுக்கு அடுப்பு எரியும். படிவத்தை வாசித்துக் காட்டியது மனைவி பேச்சித்தாய், பத்தாவது பாஸ். ஒன்பது பக்கமும் அவருக்கு மனப்பாடமான பிறகுதான் சோறு போட்டாள்.

சோதனைக்கு அலுவலர் ஆவுடைநாயகம் நேரில் எழுந்தருளினார். தாமே வாடிக்கையாளராக இருந்து பரிசோதிப்பதே முறை என்று சட்டையைக் கழற்றினார். இதில் பொதுநலன் தவிர வேறு நோக்கமில்லை. ஈரத்துண்டோடு வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

"முன்மொழிவு என்றால் என்ன?" என்றார் அலுவலர்.

"'மசாஜ் பண்ணிவிடட்டா சார்'னு நான் கேக்கதுதான்."

"ஏற்பு?"

"நீங்க துண்டைக் கட்டிக்கிட்டு உக்காந்தா அதுதான்."

"தவறு. எழுத்தில் இருக்க வேண்டும். மறுபயன்?"

"நான் தேய்ப்பேன், நீங்க ரூவா தருவீய. ஒண்ணுக்கு ஒண்ணு."

"இது அரசுப் பணி. இன்றைய மறுபயன் உமது லைசன்ஸ்."

"சரி சார். ஒப்பந்தம் போடுதவரு தெளிந்த சித்தம் உடையவரான்னு நான் பாக்கணும். மூணாம் பக்கத்துல இருக்கு. இன்னைக்கு என்ன கிழமை?"

கூட்டம் சிரித்தது. ஆவுடைநாயகம் கிழமையைச் சொன்னார். யாரும் வற்புறுத்தவில்லை என்று உறுதிமொழி கூறினார். மூன்று பிரதிகளில் கையெழுத்திட்டுப் பலகையில் குப்புறப் படுத்தார்.

அரைமணி நேரத்தில் உள்ளங்கைவரை எண்ணெயில் ஊறிப்போய், "போதும்" என்று முனகினார்.

"நிறைவுச் சான்றுல கையெழுத்து போடுங்க சார். பதினாலாவது ஷரத்து. அதுவரைக்கும் யாரும் எடத்தை விட்டு நகரக் கூடாது, வேலையும் நிக்கக் கூடாது."

பேனா வழுக்கி விழுந்தது. கட்டைவிரலை வைத்தார்; எண்ணெயில் மை ஒட்டவில்லை. துண்டால் துடைத்தார், அந்தத் துண்டிலும் எண்ணெய்தான். சோப்பு கேட்டார். அருவிக்கரையில் சோப்பு கூடாது என்று அவரே கையெழுத்திட்ட போர்டு எதிரில் நின்றது.

உச்சிமாகாளி சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். மறுபடி தோளிலிருந்து தொடங்கினார். மூன்றாவது சுற்றில், முழங்கை இடுப்பில் இறங்கியபோது, அலுவலருக்கு அலுவல் தமிழ் மறந்து போயிற்று.

"ஏலே, விடுலே. எலும்பெல்லாம் கழண்டு போச்சு."

"விட்டா ஒப்பந்த மீறல் சார். லைசன்ஸ் போயிரும்."

"வாய்ச்சொல்லும் ஒப்பந்தம்தாம்லே. சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. போதும்னு சொல்லியாச்சு, லைசன்ஸும் தந்தாச்சு. இத்தனை பேரு சாட்சி."

"அப்ப இந்தப் படிவம்?"

"அது நான் எழுதுனது."

சாயங்காலமே லைசன்ஸ் அவர் ஊரான குத்துக்கல்வலசைக்கு வீடு தேடி வந்தது. உச்சிமாகாளிக்குத் தலைகால் புரியவில்லை. நடந்ததை மனைவியிடம் இரண்டு தடவை சொன்னார். "சட்டத்துக்கு வாய்ச்சொல்லே போதும் பேச்சி. எழுத்தெல்லாம் சும்மா."

பேச்சித்தாய் பொறுமையாகக் கேட்டாள்.

"இருவத்திரெண்டு வருசமா, 'நாளைக்கு ஒனக்கு முதுகு பிடிச்சு விடுதேன்'னு சொல்லுதீய. ஊரான் முதுகெல்லாம் பிடிச்சாச்சு. என் நாளைக்கு இன்னும் விடியலை."

"சீசன் முடியட்டும், பாப்போம்."

"வாய்ச்சொல்லை நான் பாத்தாச்சு. எனக்கு எழுத்துல வேணும்."

மிச்சமிருந்த படிவத்தை எடுத்து வைத்தாள். ஒன்பது பக்கமும் முத்து முத்தாக நிரப்பியிருந்தது. லைசன்ஸ் வந்த குஷியில் இருந்தவர், கையெழுத்துதானே என்று போட்டுவிட்டார். நிறைவுச் சான்றை மட்டும் விட்டுவிட்டு, கீழே அவளும் போட்டாள். பேனாவை மூடி அலமாரியில் வைத்தாள். பிறகு தேங்காயெண்ணெய் பாட்டிலைத் திறந்து, தன் இரண்டு உள்ளங்கையிலும் தாராளமாக ஊற்றி மணிக்கட்டுவரை தேய்த்துக்கொண்டு, பாயில் குப்புறப் படுத்தாள்.