நான் வரைந்த வரித்தசை

பரீட்சையில் தோற்றவர்கள் எத்தனையோ பேர். தன் கண்ணிமை மயிரையே தசை என்று படம் வரைந்து, பாகமும் குறித்துத் தோற்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். (படம் அழகாக இருந்தது. பரிசோதகரே ஒப்புக்கொண்டார்.)

யுத்த காலம். திருவனந்தபுரத்தில் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். வீடு ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்தில். முந்தின வருஷம்தான் அம்மா போயிருந்தாள். தம்பி அம்பி பிறந்தான். அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. லேடி டாக்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "கர்ப்பப்பை இறுகலை" என்று மட்டும் அவர் சொன்னார். ஏன் இறுகவில்லை என்று கேட்க அங்கே யாருக்கும் தெரியவில்லை. டாக்டருக்குத்தான் படிப்பேன் என்று நான் பிடிவாதம் பிடித்தது அதனால்தான்.

"பாஸ் பண்ணு, மதராஸுக்கு அனுப்பறேன். இல்லேன்னா வர வரனைப் பாத்து முடிச்சுடுவேன்" என்றார் அப்பா.

பிராக்டிகல் பரீட்சை அம்மாவின் முதல் திவசத்தன்றே வந்து தொலைத்தது. விடியற்காலையிலிருந்து அத்தையோடு அடுக்களைப் புகையில் நின்றுவிட்டுக் கிளம்பினேன். அப்பா வாசல்வரை வந்தார்.

"இன்னிக்கு மாம்சத்தைத் தொடப்படாது, கேட்டியோ? கண்ணால பாத்தா தோஷமில்லை."

பரீட்சை மேஜையில் மைக்ராஸ்கோப். அதில் ஒரு ஸ்லைடு. என்ன தசை என்று கண்டுபிடித்துப் படம் வரைய வேண்டும். நான் யோசித்தேன். ஸ்லைடில் இருப்பது மாம்சம். ஸ்லைடு இருப்பது மைக்ராஸ்கோப்பில். ஆகவே மைக்ராஸ்கோப்பையும் தொடக் கூடாது. (அப்பாவின் ஆசாரத்துக்கு ஒரு எல்லை உண்டு. என்னுடையதற்குக் கிடையாது.)

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தேன். ஒரே மங்கல். திருகைத் திருப்பினால் தெளியும், திருப்ப மாட்டேன். கண்ணையாவது கிட்டே கொண்டுபோகலாம் என்று குழாயின் மேல் கண்ணாடியில் ஒட்டியே விட்டேன். இந்நேரம் அப்பா அம்பியை மடியில் வைத்துக்கொண்டு பிண்டம் போட்டுக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. அழுகை வந்துவிட்டது.

நிமிஷத்தில் கோடுகள் தெரிந்தன! கறுப்பாக, வரிசை வரிசையாக. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'வரித்தசை. கை கால்களில் உள்ளது. நம் இஷ்டப்படி இயங்குவது' என்று எழுதி, கோடு கோடாக வரைந்து தள்ளினேன்.

பரிசோதகர் ஒரு மலையாளி அம்மாள். என் படத்தைப் பார்த்தார், குழாயில் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"படம் நன்னாயிட்டுண்டு. பக்ஷே, வரி எவிடெ குட்டி?" வரி எங்கே என்று கேட்டார்.

திருகைத் திருப்பி என்னைப் பார்க்கச் சொன்னார். இரண்டு முனையும் கூராக, நடுவில் ஒரே உட்கருவோடு, நெருங்கிப் படுத்திருந்தன செல்கள். ஒரு வரி கிடையாது.

"வரியற்ற தசை, அல்லே? இது நாம பறஞ்சா கேக்குமோ?"

"கேக்காது மேடம். தானா இயங்கும்."

"எவிடெயெல்லாம் உண்டு?"

"வயித்துல, குடல்ல, ரத்தக் குழாய்ல..."

"பின்னே?"

அடுத்த சொல் எனக்குத் தெரியும். வாய் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். என் நனைந்த இமை பட்டு ஈரமான கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அதை என்னிடமே கொடுத்தார். கைக்குட்டை கிடைத்தது. மார்க் கிடைக்கவில்லை.

அப்பா திட்டவில்லை. அந்தத் தை மாதமே எனக்குக் கல்யாணம். நான் டாக்டராகவில்லை, அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆனால் கதை மட்டும் குடும்பத்தில் தங்கிவிட்டது. அதிகம் சொன்னவன் அம்பிதான். நான் வெங்காயம் நறுக்கினாலே "அக்கா, வரி தெரியறதா?" என்பான். வீடே சிரிக்கும்.

அவனுக்கே குழந்தை பிறந்த வருஷம், அம்மாவின் திவசம் முடிந்து எல்லோரும் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அந்தப் பரீட்சையில நீ சொல்லாம விட்டது என்ன அக்கா?"

"கர்ப்பப்பை" என்றேன். "கொழந்தை வெளியில வந்ததும் அந்தச் சதை இறுகி, ரத்தக் குழாயையெல்லாம் அழுத்தி மூடணும். அம்மாவுக்கு இறுகலை."

"என்னாலயா?"

இத்தனை வருஷமும் எங்களைச் சிரிக்க வைத்தவன் உள்ளே இதை வைத்திருந்தான்.

"இல்லடா. அது யார் சொல்லையும் கேக்காத சதை. அம்மா சொல்லையே கேக்கலை. அன்னிக்குப் பொறந்த நீ என்னடா பண்ணியிருப்பே?"

அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு தலையைத் திருப்பாமலே சொன்னான்:

"அக்கா, இப்ப எனக்கும் வரி தெரியறது."