ஐரீன் பெயரில் ஒரு ஜிப்சி

உயிரே போனாலும் ஜிப்சியைக் கொடுப்பதில்லை என்று திங்கட்கிழமை காலை சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். சத்தமாக எடுத்தால் ஐரீன் காதில் விழுந்துவிடும்.

ஐரீன் என் மனைவி. நான் செல்வநாதன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். நாற்பது டன் கன்டெய்னரை ஒற்றைக் கையால் தூக்கி இறக்குவேன். வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்தவும் அனுமதி வாங்க வேண்டும்.

ராயபுரத்தில் எங்கள் வாசலில் ஆறு வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் தூங்குகிறது என் ஜிப்சி ஜீப். உப்புக்காற்று பாதியைத் தின்றது, மீதியில் பூனை குட்டி போட்டது. அன்றைக்கு ஐரீன் காபி டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"வண்டிய காயலாங்கடைல எடைக்குப் போடப்போறேன். ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு ஆளு வருது."

"இன்னாது! என் வண்டியவா?"

"ஆர்.சி. புக்குல யார் பேரு கீது, பாரு."

பார்க்கத் தேவையில்லை. என் ஆசைக்கு வாங்கிய வண்டியை, கல்யாண நாள் பரிசு என்று பீலா விட்டு அவள் பெயரில் பதிந்தவன் நான்தான். சொந்தக் காசில் சூனியம்.

"அதும் பரம்பர தெரியுமா உனுக்கு? எழுவதுல ஜப்பான்ல ஜிம்னின்னு பொறந்துச்சு. முந்நூத்தி அறுவது சிசி. மூணே பேருக்குதான் எடம், நாலாவது எடத்துல ஸ்டெப்னி டயரு. எம்பத்தொண்ணுல ரெண்டாவது தலமொற. அதான் எம்பத்தஞ்சுல ஜிப்சியா நம்ம ஊருக்கு வந்துச்சு!"

"ஓடுதா?"

"தொண்ணூத்தெட்டுல மூணாவது தலமொற..."

"ஓடுதான்னு கேட்டேன்."

"இல்ல."

"அப்ப எடைக்குதான்."

ஓடுகிற வண்டியை எந்தப் பாவியும் எடைக்குப் போடமாட்டான். இதுதான் என் முதல் திட்டம். சனிக்கிழமை வரை லீவு போட்டேன். தார்ப்பாயை உருவினேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். எலி கடித்த ஒயர், செத்த பேட்டரி, இறுகிப்போன பிரேக் எல்லாம் மாற்றினேன். பின்னால் ஸ்டெப்னி மாட்டும் கம்பி துருப்பிடித்து கையோடு வந்துவிட்டது. டயரைத் தூக்கி உள்ளே போட்டேன்.

ஐரீன் டார்ச் பிடித்தாள். எங்கள் வீட்டில் எந்த ரிப்பேரானாலும் நான் முறுக்குவேன், அவள் டார்ச் பிடிப்பாள். இருபத்தேழு வருஷத்து வழக்கம்.

"இது இன்னா?"

"ரோட்டரு. இந்தத் தம்மாத்தூண்டு சாமான் இல்லன்னா வண்டி ஸ்டார்ட்டே ஆவாது."

"அட!" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாவியைத் திருப்பினேன். ஜிப்சி இருமியது, தும்மியது, உறுமியது. கண்ணில் தண்ணி வந்துவிட்டது எனக்கு.

"பாத்தியா! ஓடுது! இப்ப எடைக்குப் போடுவியா?"

"எடைக்கா? எனுக்கு இன்னா பைத்தியமா? காயலாங்கடைக்காரன வராதன்னுட்டேன்."

"அப்பாடா!"

"வண்ணாரப்பேட்ட தௌசீஃப் பாய் வராரு. ஓடற வண்டின்னதும் குஷியாயிட்டாரு. நாளைக்கு வந்து ஓட்டிப் பாப்பாரு."

ஓடாத ஓட்டை வண்டியாகவே விட்டிருந்தால் பேரம் பேசியாவது தள்ளிப்போட்டிருக்கலாம். என் கையாலேயே அலங்காரம் பண்ணி அனுப்பப் போகிறேன்.

ஞாயிறு காலை இரண்டாம் திட்டம். ரோட்டரைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி, சர்ச் பூசைக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். பூசை முழுக்க நெஞ்சில் வைத்த கையை எடுக்கவில்லை. உருண்டையாகத் தட்டுப்பட்டது. சாமியார் என் பக்தியைப் பார்த்துத் தலையசைத்தார். 'ஆண்டவரே, பாய்க்கு ஒரு சின்ன வயிற்றுக் கடுப்பு' என்று மன்றாடினேன்.

பத்து மணிக்குப் பாய் நல்ல ஆரோக்கியத்தோடு வந்து இறங்கினார்.

"பாய், சொல்றத கேளு. இது ரெண்டாவது தலமொற, கெழம். பதினெட்டுல நாலாவதே வந்துட்சி. இருவத்திமூணுல நம்மூர்லயும் அஞ்சு கதவோட வுட்டான். அத்த வாங்கு நைனா!"

"வாங்கறதுக்கு யாரு வந்தா மாமு?" என்ற பாய், இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

வலது பக்கம் ஐரீன் ஏறினாள். செருப்பைக் கழற்றி வைத்தாள். சிலுவை போட்டாள். சாவியைத் திருப்பினாள்.

நான் மீசைக்குள் சிரித்தேன். திருப்பு, நல்லா திருப்பு.

ஜிப்சி உறுமியது.

பதறிப்போய்க் கைக்குட்டையை அவிழ்த்தேன். உள்ளே ஒரு ஜாதிக்காய். பேரனுக்கு உரைத்துக் கொடுக்க வாங்கி வைத்தது.

"நீ குளிக்கப் போன நேரம் போதும் எனுக்கு. டார்ச்சு புடிச்சவளுக்கு எதை எங்க மாட்டறதுன்னு தெரியாதா? பாய் டிரைவிங் ஸ்கூல் வெச்சிகீறாரு. எனுக்கு லைசென்சு போன மாசமே வந்தாச்சு."

"அப்ப விக்கறேன்னது?"

"ஆறு வருஷமா ரெடி பண்ணு, ரெடி பண்ணுன்னு கெஞ்சினேன். காதுல வாங்கினியா? விக்கறேன்னேன். ஆறே நாளு!"

எனக்குக் கோபம் வரவேண்டும். வருவதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ஷைனிக்குப் புள்ள பொறந்ததுலேந்து மணலிக்கு ரெண்டு பஸ் மாறி, டேங்கர் லாரி பொகையில தெனம் போய் வரேன். வண்டிக்கு நாலு தலமொற ஒப்பிக்கறியே, உன் பேரனுக்கு எத்தினி பல்லு மொளச்சிகீது? சொல்லு."

ஷைனி என் ஒரே மகள். பையனைக் கடைசியாகப் பார்த்தது ஞானஸ்நானத்தன்று. அப்போது பல் இல்லை. வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கம்.

"நானும் வரேன் ஐரீனு."

"பின்னால ஏறு."

பின்னால் ஒரு பக்கம் பேரனுக்கான பை, தொட்டில், சட்டி. மறுபக்கம் ஸ்டெப்னி. அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டி கல்மண்டபத்தைத் தாண்டியது. ஒரு தடவைகூட அணையவில்லை. என்னைவிட நன்றாக ஓட்டினாள்.

"ஐரீனு, வழியில பஞ்சர் ஆனா?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"நீ மாத்து. நான் டார்ச்சு புடிக்கறேன்."