நடுத்தர மீன் மட்டும் அனுப்பவும்

காசிமேட்டுத் தமிழரசு மாமாவுக்கு, கஸ்தூரியின் வணக்கம். இங்கே அம்மாவும் நானும் அரிவாள்மனையும் நலம். அங்கே அத்தையும் படகும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் எனக்குப் பேச்சு பாதியில் நின்றுவிடும். அதனால் காலிப் பெட்டியோடு இதை அனுப்புகிறேன்.

இன்று காலை முதலில் என் கண்ணில் பட்டது, ஐஸ் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு வஞ்சிர வால். மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்பு நீங்கள் அனுப்பிய வஞ்சிரமெல்லாம் பெட்டிக்குள் தாராளமாகப் படுத்திருந்தன. கடல் கொஞ்சம் தேறியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்த வாலை வெள்ளானூர் அடுக்குமாடிக்காரர்களும் பார்த்துவிட்டார்கள்.

அவர்கள் கேட்டுக்குள் நாம் ஞாயிறுதோறும் கடை போடுவதால், சங்கச் செயலாளர் ஹேமநாதன் சார் உடனே கூட்டம் கூட்டினார், தேறிவரும் கடலை நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்றார், ஒரு தடவையாவது முட்டை போடாத சின்ன மீனை வாங்கவே கூடாது என்றார், எல்லோரும் கை தட்டினார்கள், உடனே அங்கேயே குடியிருக்கும் நிவேதிதா அக்கா எழுந்து, "பெரிய மீன்தான் சார் நிறைய முட்டை போடும், அத விட்டாதான் கடல் தேறும்" என்றார், அதற்கும் கை தட்டினார்கள், சார் "அதான் தேறிடுச்சே மேடம், வாலப் பாக்கலியா" என்க, அக்கா "ஒரு வால வச்சு கடலயே கணக்குப் போடுவீங்களா" என்க, கடைசியில் சண்டை வேண்டாமென்று இரண்டையும் தீர்மானமாக்கினார்கள். சின்னதும் கூடாது, பெரியதும் கூடாது, சினை மீன் கூடவே கூடாது. மீறினால் கடை கிடையாது. பின்வரிசையில் நின்ற எனக்கு ஒரு சந்தேகம். கேட்க வாய் வரவில்லை. வந்து சொன்னதும் அம்மாவே கேட்டுவிட்டார்.

"சினை கீதா இல்லியான்னு வயித்த அறுக்காம எப்பிடிடி தெரியும்?"

"தெரியலம்மா."

"அறுத்துப் பாத்துட்டு திரும்ப கடல்ல உட்டுடணுமாமா?"

மாமா, இந்த ஞாயிறு வியாபாரத்தில்தான் எங்கள் வாரம் ஓடுகிறது. ஆகவே இனி நடுத்தர அளவில், சினையில்லாத மீனாகப் பார்த்து அனுப்பவும். வலையில் ஏறும்போதே விசாரித்துவிட்டால் நல்லது.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் வலை கிழியாதிருக்கட்டும். கிழிந்தாலும் நடுத்தர அளவில் கிழியட்டும்.

கஸ்தூரி

பின்குறிப்பு: அந்த வஞ்சிரம் மட்டும் மிச்சமிருக்க, பெட்டியைக் கழுவப் போகும்போது ஹேமநாதன் சார் தனியாக வந்தார். "சினை இருந்தா எடுத்து வைம்மா, வீட்ல கேக்கறாங்க." அவர் போனதும் நிவேதிதா அக்கா வந்து வாலைக் காட்டினார். "அது எனக்கு. மாமியார் வந்திருக்காங்க." ஆகவே எப்போதும்போலவே அனுப்புங்கள். வஞ்சிரத்தின் வயிற்றைக் கீறி, உள்ளே இருந்த சினையைச் சாருக்குத் தனியாகக் கட்டினேன். மீதியை அக்காவுக்கு, வால் வெளியே தெரியாமல் மடக்கிக் கட்டினேன்.