மரியநாதன் பதினேழு வயதடைந்த வரலாறு

ஒருவன் வேலை கற்க வேண்டுமானால் வேலை நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்ற பேருண்மையை, 1932-ஆம் வருஷம் ஜனவரி மாதம், ஜொகூரின் பெக்கான் நானாஸ் ஊரிலிருந்த ஹாக்ஸ்டன் அன்னாசிக் கம்பெனியார் கண்டுபிடித்தார்கள். அதற்கு முந்தின மாதம்தான் கம்பெனி முப்பத்தொரு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. இவ்விரண்டு சம்பவங்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லையென்று கம்பெனியே எழுத்து மூலம் தெரிவித்திருப்பதால், நாமும் தொடர்பு தேட வேண்டியதில்லை.

கண்டுபிடித்த உண்மையைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளாமல், எங்கள் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஏழாம் வகுப்பு மாணவர்கள் காலையில் பள்ளியிலும் பிற்பகலில் தொழிற்சாலையிலும் கல்வி பயில வேண்டும். ஒரு வருஷம் முடிந்ததும் பரீட்சை. தேறினால் முத்திரையிட்ட சான்றிதழ். நான் பதினொரு வருஷம் நாகப்பட்டினத்தில் இருந்துவிட்டு, நாற்பத்தேழாவது வயதில் மறுபடியும் ஜொகூருக்கே கப்பலேறி வந்து, அந்த ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பாஷையும் எழுதத் தெரிந்தவன் என்ற குற்றத்துக்காக, திட்டத்தின் ரெஜிஸ்தர் என் தலையில் கட்டப்பட்டது.

"பிள்ளைகளுக்குச் சம்பளம் உண்டா சார்?" என்று ஹெட்மாஸ்டர் மூர்த்தியைக் கேட்டேன்.

"சம்பளம் கொடுத்தால் அது வேலையாகிவிடும். இது கல்வி."

"கல்வியென்றால் கம்பெனிக்கு நாம் பீஸ் கட்ட வேண்டாமா?"

"அதைத்தான் பெருந்தன்மையோடு வேண்டாமென்று விட்டார்கள்" என்று ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இதுதான் பிராக்டிகல்."

அந்த வருஷம் ஊர் முழுக்க அந்த வார்த்தை அம்மை போலப் பரவியது. பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளை பிராக்டிகலா என்று விசாரித்தார்கள். கம்பெனி வாசலில் டீக்கடை வைத்திருந்த சுப்ஹான் பாய் வேலைக்காரனை நிறுத்திவிட்டு, 'இங்கு பிராக்டிகல் டீ கிடைக்கும்' என்று பலகை மாட்டினார். வாடிக்கைக்காரரே உள்ளே போய் டீ ஆற்றிக்கொள்ள வேண்டும். விலையில் மாற்றமில்லை.

"நீங்களே போட்டுக் குடிச்சா கைத்தொழில் வந்துரும் சார். நாளைக்கு எங்க போனாலும் பொழைச்சுக்கலாம்லா" என்றார். நானும் போட்டுக் குடித்தேன். நன்றாயில்லை. யாரிடம் குறை சொல்வது?

கம்பெனியில் டின் தட்டுகிற மரியநாதன் என்பவர் இருபது வருஷமாக ஒரே மேஜையில் நின்றவர். அவர் வேலை இதுதான்: மூடி ஒட்டி, வெந்நீரில் வெந்து வருகிற டின்களை வரிசையாக வைத்து, மெல்லிய இரும்புக் குச்சியால் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தட்டு. நல்ல டின் கணீரென்று பேசும். காற்றுப் புகுந்த டின் சளி பிடித்தவன் மாதிரி முனகும். முனகியதை ஒதுக்கிவிடுவார். அவர் கை தாண்டிப் போன டின்னைச் சீமையில் யாராவது திறந்து மூக்கைப் பொத்தினார்கள் என்று இருபது வருஷத்தில் ஒரு கடிதம் வந்ததில்லை. இதற்குக் கூலியோடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடும் உண்டு. வீட்டுக்குப் பின்னால் அவர் சம்சாரம் செசிலியா வாத்து வளர்த்தார்.

அவர்களுடைய ஒரே மகன் ரோலண்ட் என் வகுப்பு. மகன் பென்சில் பிடிக்கிற உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்றிருந்த மரியநாதன், அவன் தன் மேஜைக்கே கற்க வந்ததும் சற்று யோசித்தார். பிறகு பிள்ளை கெட்டிக்காரன் என்று சந்தோஷப்பட்டு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். ரோலண்ட் மூன்றே மாதத்தில் கற்றுக்கொண்டான். அதுதான் தப்பாகப் போயிற்று.

ஹாக்ஸ்டன் துரை ஒருநாள் மேஜைப் பக்கம் வந்து, ஒரு மாணவன் கற்கும் இடத்தில் விஷயம் தெரிந்தவன் நிற்பது கல்விக்கு இடையூறு என்று அபிப்பிராயப்பட்டார். மறுநாள் இடையூறு நீக்கப்பட்டது.

வீடு மட்டும் தப்பியது. கற்கும் மாணவன் குடியிருக்கும் வரை அது மாணவர் விடுதி என்று ஒரு விதி இருந்தது. மரியநாதன் தன் வீட்டிலேயே மகனுடைய விருந்தாளியாக எட்டு மாதம் இருந்தார்.

டிசம்பரில் ரோலண்ட் முதல் வகுப்பில் தேறினான். சான்றிதழ் வந்தது; அதே உறையில் இன்னொரு கடிதமும் இருந்தது. 'இச்சான்றிதழ் பெற்றவர் எந்த அன்னாசிக் கம்பெனியிலும் வேலை பார்க்க முழுத் தகுதியுடையவர். எமது கம்பெனியில் அவ்வேலைகளை மாணவர்கள் பார்ப்பதால் இடமில்லை. ஏழு நாளைக்குள் விடுதியைக் காலி செய்யவும். அவ்வீட்டிலிருந்து வேறொரு மாணவர் சேர்வதாயின் காலி செய்ய வேண்டியதில்லை.'

அன்றைக்கே மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள்.

"வேறு பிள்ளை கிடையாதா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"இல்லைங்க ஐயா."

"வீட்டில் படிக்காதவர்கள் யாருமே இல்லையா?"

மரியநாதன் ஓரடி முன்னால் வந்தார். "நான் இருக்கேன்" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஹெட்மாஸ்டரும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினைந்து மாணவர்களாவது சேர்க்காவிட்டால் திட்டம் ரத்து என்று துரை சொல்லியிருந்தார். தேறியவர்களின் கதியைப் பார்த்துவிட்டு, பெற்றோர்கள் பிள்ளைகளைத் திருப்பி இலக்கணத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கையில் பதினாலு பேர்தான்.

"விதிப்படி பதினெட்டு வயதுக்குள் இருக்க வேண்டும். உங்களுக்கு?"

"நாற்பத்தஞ்சு இருக்கும்ங்க. கப்பல் சீட்டுல ஏதோ போட்டாங்க, அது நனைஞ்சு போச்சு."

"அப்படியானால் ஆதாரம் இல்லை" என்று ஹெட்மாஸ்டர் மலர்ந்தார். "வயது என்பது உடம்பில் இல்லை, ரெஜிஸ்தரில் இருக்கிறது. எழுதுங்கள் சார்."

பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் குறைப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. பின்னால் உத்தியோகத்துக்கு உதவுமென்று எல்லோரும் ஒன்றோ இரண்டோ குறைப்பதுதான். என் தகப்பனாரும் எனக்குக் குறைத்தவர். நான் இருபத்தெட்டு குறைத்தேன். மைதான் கொஞ்சம் ஊறியது.

"அப்போ எனக்கு எப்ப சார் கல்யாணம் ஆச்சு?" என்றார் செசிலியா. "மாதா கோயில் சாமியார் புஸ்தகத்துல 1913-னு இருக்கே."

கணக்குப் போட்டேன். "உங்கள் கணவர் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு."

"அதான் கோயில்ல அன்னிக்கு அவ்வளவு சாதுவா நின்னாரு."

பாரத்தில் போஷகர் கையெழுத்துக்கு ஓர் இடம் இருந்தது. வீட்டில் மூத்த ஆண்பிள்ளைதான் போட வேண்டும். ரோலண்டுக்குப் பதினெட்டு, மரியநாதனுக்குப் பதினேழு. ரோலண்ட் போட்டான்.

"ஒழுங்காப் படிப்பாரா?" என்று ஹெட்மாஸ்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நான் பாத்துக்கறேன் சார்" என்றான் ரோலண்ட்.

இப்படியாக 1933-ல் மரியநாதன் காலையில் என் வகுப்பில் கடைசி பெஞ்சியில் உட்கார்ந்தார். பிற்பகலில் தன்னுடைய பழைய மேஜையில், தன்னுடைய பழைய குச்சியால், சம்பளமின்றித் தன்னுடைய பழைய வேலையைக் கற்றார். மகன் ஊர் ஊராகப் போய் அன்னாசி உரித்தும் லாரியில் மூட்டை ஏற்றியும் அரிசிக்கு வழி பண்ணினான். இரண்டு முறை தாமதமாக வந்ததற்கு மரியநாதனை நான் பெஞ்சிமேல் ஏற்ற வேண்டியிருந்தது. விதி அப்படி. அவர் ஏறி நின்றபோது ஓட்டைக் கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துவிட்டு, மாலையில் அதை அடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

வருஷம் முடிய வந்ததும் மரியநாதனுக்கு ஒரு சங்கதி உறைத்தது. சுப்ஹான் கடையில், தன் டீயைத் தானே ஆற்றியபடி, என்னிடம் சொன்னார்.

"சார், நான் தேறுனா வீடு போயிரும்."

"ஆமாம்."

"ஃபெயிலானா?"

நான் விதிப் புத்தகத்தை மனசுக்குள் புரட்டினேன். "தேறும் வரை கற்கலாம்."

"அலமாக்" என்று அதிசயித்தார் சுப்ஹான் உள்ளேயிருந்து. "ஃபெயிலாகறது என்னா கஷ்டம்? என் மச்சான் நாலு தடவை ஆயிட்டான், ஒருத்தர் உதவியும் இல்லாம."

"இல்ல பாய். காது கேட்டுருது. கை தானா எடுத்துருது. நான் என்னா பண்ணட்டும்?"

பரீட்சைக்கு இருபத்துநாலு டின். அதில் மூன்று கெட்டது. ஒன்றைத் தவறவிட்டாலும் தோல்வி. ஹாக்ஸ்டன் துரை, கல்வி இலாகா அதிகாரி, ஹெட்மாஸ்டர் மூவரும் நாற்காலியில் அமர்ந்தார்கள். முந்தின வருஷம் முதல் வகுப்பில் தேறியவரே தேர்வாளர் என்பது விதியாகையால், ரோலண்ட் காகிதமும் பென்சிலுமாக மேஜைக்கு அப்பால் நின்றான். கடைசியில் அவனுக்கும் பென்சில் பிடிக்கிற உத்தியோகம் வந்துவிட்டது, அரை நாளைக்கு.

மரியநாதன் தட்ட ஆரம்பித்தார். ஏழாவது டின்னில் கை பாய்ந்து ஒதுக்கிவிட்டது. பதின்மூன்றாவதும் அப்படியே போயிற்று.

"அவசரப்படாதீங்க" என்றான் ரோலண்ட், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே. "நிதானமாச் செய்ங்க, கேண்டிடேட்."

பத்தொன்பதாவது டின்னைத் தட்டினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. ஆனால் அவர் முகம் மாறியது. இன்னொரு தரம் தட்டினார். ஜன்னலுக்கு வெளியே லயம் தெரிந்தது. செசிலியா வாத்துகளை விரட்டிக் கூட்டுக்குள் அடைத்துக்கொண்டிருந்தார். மரியநாதன் டின்னைத் தூக்கி ஒரு நொடி கையில் வைத்திருந்தார். பிறகு அதை நல்ல வரிசையில், குழந்தையைப் படுக்க வைப்பது போல, மெதுவாக வைத்தார்.

ரோலண்ட் 'தோல்வி' என்று எழுதினான். பென்சில் முனை ஒடிந்துவிட்டது. வேறு பென்சில் வாங்கி எழுதினான்.

வீடு நின்றது. கதையும் இங்கே நின்றிருக்கும். ஆனால் அன்று மாலை பரிசளிப்பு விழா. நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவதாக 'மாணவர் கரம்பட்ட கனி' என்று ஓர் அம்சம் இருந்தது. பரீட்சையில் மாணவர்கள் நல்லதென்று தேர்ந்த டின்களையே திறந்து விருந்தினருக்குப் பரிமாறுவது; தோற்றவனின் வரிசையைத் தனியே எடுத்துவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. யோசனை ஹெட்மாஸ்டருடையது. பிராக்டிகல்.

தட்டு வந்ததும் கடைசி வரிசையில் மரியநாதன் எழுந்தார்.

"ஐயா, அதைத் தொடாதீங்க. அதுல ஒரு டின் கெட்டது."

"உட்கார், மரியநாதன்" என்றார் ஹெட்மாஸ்டர்.

"காத்துப் புகுந்ததுங்க. நிச்சயமாச் சொல்றேன்."

கல்வி இலாகா அதிகாரி என்ன சத்தம் என்று கேட்டார். ஒரு மாணவன் டின் கெட்டதென்கிறான் என்று நான் மொழிபெயர்த்தேன்.

"தேறிய மாணவனா?"

"இல்லை. இன்றைக்குத்தான் தோற்றான்."

"டின்னைப் பற்றித் தெரியாதென்று இன்று மத்தியானம் நம் முன்னிலையிலேயே நிரூபித்தவன்" என்று அதிகாரி புன்னகைத்து, முதல் துண்டை வாயில் போட்டார். அவர் போட்ட பிறகு மற்றவர்கள் போடாமலிருக்க முடியுமா? நானும் போட்டேன். லேசாகப் புளித்தது. சீமைப் பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நான்கு நாட்கள் பெக்கான் நானாஸில் நிர்வாகம் எதுவும் நடைபெறவில்லை.

ஐந்தாம் நாள், நிமிர்ந்து உட்கார முடிந்தவர்களைக் கொண்டு விசாரணைக் கமிட்டி கூடியது. முடிவுகளை நான்தான் எழுதினேன், எழுந்து எழுந்து போய் வந்து. ஒன்று: தோற்ற மாணவன் தோற்றது சரியே என்று வயிற்றின் மூலம் ருசுவானதால் பரீட்சை முறை குற்றமற்றது. இரண்டு: ஒரே வருஷத்துப் பயிற்சி போதாதென்று தெரிவதால் திட்டம் விரிவாக்கப்படும். மூன்று: கெட்ட டின்னைத் தின்றும் அடையாளம் காணாத ஆசிரியர்கள் மாணவர்களுக்கு வழிகாட்டத் தகுதியற்றவர்கள்.

மூன்றாவதை எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் வயிறு கலங்கியது. அது அன்னாசியால் அல்ல. பாடம் சொல்வதும் ஒரு தொழில்தானே, அதையும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பிராக்டிகலாகக் கற்கட்டுமே என்று அதிகாரி நாலாவதாக ஒன்று சொன்னார். அதையும் எழுதினேன். நல்ல கையெழுத்தில்.

1934 ஜனவரியில் என் வகுப்பை என் மாணவன் ஒருவன் எடுத்துக்கொண்டான். மூன்று மாதத்தில் நன்றாகவே சொல்லிக் கொடுத்தான். நான் இடையூறானேன். ஆசிரியர் குடியிருப்பிலிருந்து ஏழு நாளில் வெளியேறும்படி கடிதம் வந்தபோது, ஹெட்மாஸ்டரைப் பார்க்கப் போனேன். அவர் தன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் நாற்காலியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் உட்கார்ந்து, ரெஜிஸ்தரைத் திறந்து வைத்துக்கொண்டு, மரியாதையாகக் கேட்டான்:

"வயசு என்ன சார் போடட்டும்?"

இப்போது நான் லயத்துக் கடைசி வீட்டில் இருக்கிறேன். எனக்குப் பதினாறு நடக்கிறது. பிற்பகலில் டின் மேஜையில் நிற்கிறோம். எனக்கு இடப்பக்கம் மூர்த்தி, வலப்பக்கம் சட்டாம்பிள்ளை மரியநாதன். மூர்த்திக்குப் பதினேழரை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

முதல் நாள் மரியநாதன் இரண்டு டின்களை என் முன்னால் வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"கேட்டுச்சா சார்?"

"இரண்டும் ஒன்றாகத்தானே கேட்கிறது."

மறுபடியும் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். வித்தியாசமே இல்லை.

மரியநாதன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பரிகாசம் இல்லை. வெறும் பொறாமைதான் இருந்தது.

"குடுத்து வச்சவரு சார் நீங்க" என்றார். "சாகற வரைக்கும் வீடு உங்களுதுதான்."